உள்ளறை இல்லாதவர்களின் ஜெபம்

ஜெபம் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லாத போதகர் இல்லை. அந்த உண்மை எதில் இருக்கிறது என்று கேட்டால்தான் விடைகள் வேறுபடுகின்றன. எழுதிவைத்ததைப் படிப்பது வெறும் உதட்டு வேலை, உள்ளத்திலிருந்து தானாகப் பெருகுவதே மெய்யான ஜெபம் என்பது ஒரு சாரார் கருத்து. தானாகப் பெருகுவதில் தன்முனைப்புப் புகுந்துவிடும், முன்னோர் வகுத்த மன்றாட்டே பாதுகாப்பானது என்பது மறுசாரார் கருத்து. இரு சாராரும் சொற்களின் பிறப்பிடத்தைப் பற்றியே வழக்காடுகிறார்கள். சொல்லுகிறவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை இருவருமே கேட்பதில்லை.

அண்மையில் ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நடந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். நம்மிடம் இளங்கலை படித்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பெண்ணை ஜெபிக்க அழைத்தார்கள். கண்ணை மூடியதும் அவர் குரலே மாறிவிட்டது. தேவரீர், கிருபை, ஸ்தோத்திரம் என்று பழைய வேதாகமத் தமிழ் தடையின்றி வந்தது. வேலைக்கு நன்றி, சுகத்துக்கு நன்றி, தங்கும் விடுதிக்கு நன்றி. கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தம் வரை உடன் நடந்தவர், "அடுத்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது சார். வீட்டுல இன்னும் சொல்லல" என்றார். இதை ஏன் ஜெபத்தில் சொல்லவில்லை என்று கேட்டோம். "எல்லாரும் சாட்சி சொல்ற இடத்துல நான் மட்டும் அழுதுட்டு நிக்க முடியுமா சார்? விசுவாசம் இல்லன்னு நெனப்பாங்க" என்றார்.

இதை மாய்மாலம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. வேதாகமத்தில் மாயக்காரர் என்று வரும் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு மேடை நடிகர் என்பதே பொருள். நடிகர் தனியாக நடிப்பதில்லை, எதிரே அவையோர் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணை நடிக்கவைத்தவர்கள் சுற்றி அமர்ந்திருந்த நாம்தாம். அவருடைய அச்சமும் அவிசுவாசத்தால் வந்ததன்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதைக் கண்ட வட்டாரம் இது. இங்கே வேலை என்பது எவ்வளவு காலம் நிற்கும் என்று அறிந்தவரின் அச்சம் அது.

குற்றம் அந்தப் பழந்தமிழின் மேலும் இல்லை. 1772இல் வெளிவந்த பப்ரீசியஸின் புதிய ஏற்பாட்டுத் தமிழோடு வளர்ந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1820களில் ரேனியஸ் அதைத் திருத்த முனைந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். ஒரு வெளிநாட்டவர் ஆக்கித் தந்த தமிழ், இரண்டு தலைமுறைக்குள் ஒரு தமிழ்க் கவிஞரின் நெஞ்சுக்குள் ஊறியிருந்தது. இரவல் சொல்லும் சொந்தச் சொல்லாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆலைப் பேச்சில் ஜெபித்தால்தான் உண்மை என்று அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னால், அது இன்னொரு வேடத்தைக் கொடுப்பதாகவே முடியும். கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. சொன்னதையே சொல்வது உண்மைக்குப் பகையன்று. தம் துயரத்தை அவர் மறைக்கவில்லை என்பதே அங்கே முக்கியம். 88ஆம் சங்கீதம் நம்பிக்கை வாக்கியம் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றே கருதித் தொகுப்பில் சேர்த்தவர்கள் நம்மைவிடத் துணிந்தவர்கள்.

ஜெபிக்கும்போது உள்ளறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்பது இயேசுவின் அறிவுரை. அங்கே உள்ளறை என்று பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் முதலில் பண்டம் வைக்கும் அறையைக் குறிப்பது. ஏழை வீட்டில் தனியறை ஏது? தானியம் வைக்கும் மூலைதான் அவனுக்குக் கோயில். நம் வட்டாரத்துக்கு அந்த மூலைகூடக் கிடைத்தபாடில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அதன் பிறகுதான் அந்த விடுதிகளின் நெரிசல் நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கும் அறைக்கு ஆறு பேர். முந்தைய நிலைக்கு இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் பகல் முறை முடித்தவர் ஜெபிக்க நினைக்கும் நேரத்தில் இரவு முறை முடித்தவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். பூட்டிக்கொள்ளக் கதவில்லாதவருக்குச் சபைதான் உள்ளறையாக இருந்தாக வேண்டும். அதை நாம் மேடையாக்கிவிட்டோம்.

இராமானுசர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது அவருடைய சரணாகதி கத்யம் நினைவுக்கு வராமல் போகாது. செய்த பிழை, செய்கிற பிழை, இனிச் செய்யப்போகும் பிழை எல்லாவற்றையும் ஒளிக்காமல் எடுத்துவைத்துத் தஞ்சம் கேட்கும் வேண்டுதல் அது. தன்னிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை என்னும் ஆகிஞ்சன்யமே சரணாகதிக்குத் தகுதி என்பது வைணவ ஆசாரியர்களின் துணிபு. லூக்கா சுவிசேஷத்தில் கண்களை ஏறெடுக்காமல் தூரத்தில் நின்ற ஆயக்காரனிடம் இருந்ததும் அதுவேதான். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பக்திப் பனுவல்களில் ஊறிய அந்த மனத்தோடுதான் 'இரட்சணிய யாத்திரிக'த்தை எழுதினார். தமிழ்க் கிறித்தவர்களுக்கு வெறுங்கையோடு நிற்கும் மரபு புதியதன்று.

எனவே நம் கருத்து இதுதான். ஜெபத்தின் உண்மையைச் சொற்களில் தேட வேண்டாம். வெறுங்கையை மறைத்தோமா, காட்டினோமா என்பதில் தேடுவோம். காட்டுகிறவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று எண்ணாத சபையையும் சேர்த்தே தேடுவோம்.

அன்று பேருந்து வந்துவிட்டது. "ஜெபித்துக்கொள்கிறோம் அம்மா" என்று சொல்லி ஏறிக்கொண்டோம். அவர் சொன்ன ஸ்தோத்திரத்தைவிட நாம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைய கூட்டத்தின் வெறும் சொல். மறுவாரம் தொலைபேசியில் அழைத்து, ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்ட பிறகுதான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஜெபிக்க நமக்கு வாய் வந்தது.