எளிய இரவுணவு யாருக்கு எளிது?

‘இருவருக்கான இரவுணவு, இருபதே நிமிடங்களில்’ என்னும் வகைத் தலைப்புகளைக் காணாதவர் நம்முள் இரார். வார இதழ்களின் இணைப்புகளும் தொலைக்காட்சி அடுக்களைகளும், வேலைக்குச் சென்று திரும்பும் கணவன் மனைவிக்கென விரைவுச் சமையல் குறிப்புகளை வாரி வழங்குகின்றன. மாலையில் பேருந்தில் நசுங்கி வீடு சேர்பவர்க்கு அவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உண்பவர் இருவர் என்று எழுதும் அக்குறிப்புகள், சமைப்பவர் எத்தனை பேர் என்று எழுதுவதில்லை. இதைப் பேச நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரை போதும்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூல் 269 அடிகளே உடையது. அதை ஓர் உணவு வழிகாட்டியாகவும் படிக்கலாம். வறுமையுற்ற இரவலர் வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வேகவைக்கிறாள் ஒரு பெண். இடுவதற்கு உப்பில்லை. பிறர் கண்டால் பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி உண்கிறார்கள். அதுவும் விரைவுச் சமையல்தான். நம் இதழ்களின் அளவுகோலில் பத்து நிமிட உணவு.

நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்க்கு வழியில் முதலில் எதிர்ப்படுவது எயிற்பட்டினம். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரமே விறகு. நுளைமகள் அரித்தெடுத்த தேறலைப் பரதவர் பருகத் தருவர். சுட்ட குழல்மீன் உலர்மீனும் உடன் கிடைக்கும். அடுத்து வரும் ஊர்களில் ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் என விருந்து சற்றே விரியும். ஆனால் எயிற்பட்டினத்து எளிய உணவில்தான் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆக்கியவள் பெண், கொணர்ந்து ஊட்டியவர் ஆண்கள். ஒரே விருந்தில் இருவர் கையும் பட்டிருக்கிறது.

இன்றைய மரக்காணத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர்க்கு உப்புக் குவியல்கள் கண்ணில் படாமல் போகா. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள். மழைக்காலம் ஓய்ந்து சனவரி வாக்கில் தொடங்கும் வேலை, அடுத்த பருவமழை வரும் வரை நீளும். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்னரே பாத்தியில் இறங்கியாக வேண்டும். உப்பை வாரிக் கரை சேர்ப்பதிலும், சுமந்து குவிப்பதிலும் ஆணும் பெண்ணும் உழைக்கிறார்கள். உப்புநீர் இருவர் காலையும் ஒன்றுபோலவே அரிக்கிறது. ஆனால் வீடு திரும்பியபின் அடுப்பு பெரும்பாலும் ஒருவருக்கே காத்திருக்கிறது. அவள் இரவில் வடிக்கும் சோறு அவ்விரவோடு முடிவதுமில்லை. மீந்ததில் நீரூற்றி வைத்தால்தான் மறுநாள் வேலைக்குப் பழைய சோறு. ஆக, உழைக்கும் வீட்டில் இருவருக்கான இரவுணவு என்பது இரண்டு வேளை உணவு.

இக்கரையின் விரைவுணவு எதுவெனில் கருவாடுதான். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பச்சை மீன் அருகும் அந்நாட்களில் கைகொடுப்பதும் அதுவே. நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் சிறிது ஊறவைத்து, மணல் போக மூன்று முறை அலச வேண்டும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தக்காளியும் வதங்கியபின் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் இட்டுக் கருவாட்டைச் சேர்த்துச் சுருள வதக்கினால் தொக்கு ஆயிற்று. உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தே இட வேண்டும். கருவாடே உப்பைச் சுமந்துகொண்டு வரும். அடுப்பில் பதினைந்து நிமிடந்தான். ஆனால் கிள்ளுவதும் அலசுவதும் வெங்காயம் உரிப்பதுமாக அதற்கு முன்னரே அரைமணி கழிந்திருக்கும். சமையல் குறிப்புகள் கணக்கிடுவது அடுப்பு எரியும் நேரத்தை. கணக்கில் சேராதது கை உழைக்கும் நேரம். ஒருவர் கருவாட்டை அலச, மற்றவர் வெங்காயம் உரித்தால் அந்த அரைமணி கால்மணியாகிவிடும். இதனினும் சிறந்த விரைவுச் சமையல் உத்தி வேறில்லை.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு அண்மைக் காலத்தில்தான் வந்தது. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். புதுமணப்பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அவ்விரலைத் துடைத்த ஆடையைத் துவையாமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படியத் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். இனிதென்று சொல்லிக் கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ என முழங்குவது நம் வழக்கம். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அவள் கை செய்ததெல்லாம் பாட்டில் வருகிறது. அவன் கை என்ன செய்தது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்கு விடை வரவில்லை. அன்றிரவு உண்ண அமர்ந்தபோது அக்கேள்வியும் உடன் அமர்ந்துகொண்டது. மணமான நாள்தொட்டு, “நன்றாயிருக்கிறது” என்னும் சொல்லையன்றி அடுக்களைக்கு நாம் அளித்தது ஏதுமில்லை. பல நாட்களில் அச்சொல்லும் இல்லை.

கூடலூர் கிழாரை நாம் குறை கூறவில்லை. அப்பாடலைச் சொல்பவள், மணமக்கள் வீட்டுக்குச் சென்று பார்த்து வந்த செவிலித்தாய். கணவன் சுவையை மட்டும் அறிந்தான். செவிலி ஆடையின் கறையையும் கண்ணின் புகையையும் கண்டாள். இத்தனை ஆண்டுகளாக நாம் செவிலியின் கூற்றைக் கணவனின் காதால் கேட்டு வந்திருக்கிறோம் என்பதே உண்மை.

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அவ்வாறு ஈடுபட்டவர்களுள்ளும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இந்த இடைவெளியை எந்த விரைவுச் சமையல் குறிப்பு குறைக்கப் போகிறது?

ஆண்களுக்குச் சமையல் வராது என்பார் உளர். கல்யாணப் பந்திக்கு ஆயிரம் பேர்க்கு ஆக்குபவர் யார்? நாட்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகில் குழம்பு வைப்பவர் யார்? கூலி கிடைக்குமிடத்திலும், பெண் இல்லாத இடத்திலும் வரும் சமையல், வீட்டு வாயிற்படியில் கால் வைத்ததும் மறந்துபோவது ஏன்? வராதது சமையலன்று, மனம்.

இப்போது நம் வீட்டில் வெங்காயம் உரிப்பதும் கருவாடு அலசுவதும் நம் பொறுப்பு. தொடக்கத்தில், ஒருவர் இட்டதை மற்றவர் அறியாமல் இருவரும் உப்பிட்டுவிட்ட நாட்களும் உண்டு. அத்தொக்கை மோர்விட்டுக் கரைத்த சோற்றோடு ஒருவாறு உண்டு முடித்தோம். அதில் குறை சொல்ல இருவருக்குமே வாயில்லை.

சமையல் குறிப்பு எழுதுவோர்க்கு ஒரு தமிழாசிரியனின் வேண்டுகோள்: ‘இருவருக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. அதற்கு முன்பாக ‘இருவரால்’ என மூன்றாம் வேற்றுமையையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். எளிமை தானே வந்து சேரும்.