சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்காதே!



"வலி போயிடுச்சில்ல, அப்புறம் என்னடா? ரிலேக்கு ஆள் குறையுது, வா!" மைதானத்தில் நாம் அடிக்கடி கேட்கும் குரல் இது. போன வருஷம் இந்தக் குரலுக்குத் தலையாட்டியவன் நான். தொடையின் பின்தசை பிடித்து மூணு வாரம் படுத்தே கிடந்தேன். நாலாவது வாரம் நேரே ஸ்பைக்ஸ் மாட்டி முழுவேகத்தில் ஓடினேன். எண்பது மீட்டர் தாண்டவில்லை, அதே இடத்தில் 'சுரீர்'! அந்த சீசனே போச்சு.

சிவில் படிக்கிறவனுக்கு இது தெரிய வேண்டாமா? ஸ்லாப் போட்ட மூணாம் நாளே சென்ட்ரிங்கைப் பிரித்து மேலே செங்கல் அடுக்குவோமா? ஸ்ரீரங்கம் போகும் காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் பழுது பார்க்க மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். சுத்திப் போகணுமே என்று முணுமுணுத்தோம், ஆனாலும் பொறுத்துக்கொண்டோம். பாலத்துக்குக் காட்டிய பொறுமையை நம் காலுக்குக் காட்டக் கூடாதா?

ஒரு வித்தியாசம் உண்டு. கான்கிரீட் தண்ணி காட்டினால் போதும், கிடந்த இடத்திலேயே இறுகும். தசையோ சும்மா கிடந்தால் இளைக்கும். அதற்குப் பாரம் வேண்டும், ஆனால் படிப்படியாக. முதலில் நடை, அப்புறம் மெது ஓட்டம், பிறகு நேர்கோட்டில் வேகம், கடைசியில்தான் வளைவும் முழுவேகமும். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது. மறுநாள் காலை வலியோ வீக்கமோ இருந்தால் ஒரு படி இறங்கணும்.

கணக்கும் சுலபம். பயிற்சி எத்தனை நிமிஷம், பத்துக்கு எவ்வளவு கஷ்டம், இரண்டையும் பெருக்கு. 30 நிமிஷம், கஷ்டம் 4 என்றால் 120. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

நம்ம தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் பாலாஜியை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் விரிசல், அவரை வருஷக்கணக்கில் முடக்கியது. பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2008 மே 10-ந் தேதி சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் எடுத்தார்!

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடிபட்டுத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி நோட்டு கொடுங்கள். கேப்டன்களே, "வலி இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "போன வாரம் எவ்வளவு ஓடினே?" என்றும் கேளுங்கள். பதிலில்லாதவனை டீமில் சேர்க்காதீர்கள்.

கோப்பை அடுத்த வருஷமும் வரும். கால்?