விமானம் பறப்பதில் தப்பில்லை. ஊருக்குச் சொல்லாமல் துளை போடுவதுதான் தப்பு

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் செம்பு இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. மோட்டார் வைண்டிங், கேபிள், பேனல் போர்டு எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். கூரைத் தகடு துருப்பிடிக்காமல் காப்பது துத்தநாகம். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரிக்குள் இருப்பது ஈயம். இந்த மூன்றும் அடிப்படை உலோகங்கள். செம்புத் தாதுவில் பெரும்பகுதியை இந்தியா வெளிநாட்டில்தான் வாங்குகிறது. அதனால் உள்நாட்டிலும் தேடத்தான் வேண்டும். எப்படித் தேடுவது, யாரிடம் சொல்லிவிட்டுத் தேடுவது என்பதுதான் கேள்வி.

சேதராப்பட்டின் அடியில் இருப்பது பழைய கடல் விட்டுச்சென்ற படிவுகள். கிரெட்டேசியஸ் காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்களுக்காக இந்த வட்டாரம் 19-ம் நூற்றாண்டிலேயே பேர் பெற்றது. மேற்கே போகப் போகக் கெட்டிப் பாறை வரும். அந்தப் பக்கம், பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த தாது இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது.

விமானம் எடை பார்க்குமா?

ஒரு வகையில், ஆமாம். சாதாரணப் பாறை தண்ணீரைவிடச் சுமார் 2.7 மடங்கு கனமானது. செம்புத் தாது சுமார் 4 மடங்கு, ஈயத் தாது 7.5 மடங்கு. கனமான பொருள் புதைந்திருக்கும் இடத்தில் பூமியின் ஈர்ப்பு துளி கூடும்.

எவ்வளவு துளி? ஒரு நல்ல தாதுத் திரட்சி ஏற்படுத்தும் மாற்றம் ஏறக்குறைய ஒரு மில்லிகால். மொத்த ஈர்ப்பில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த இடத்தில் நின்றால் இரண்டு, மூன்று அரிசி மணி அளவுக்குத்தான் எடை கூடும். ஆனால் விமானம் காற்றில் குலுங்கும்போது உண்டாகும் அசைவு இதைப்போல ஒரு லட்சம் மடங்கு இருக்கலாம். சந்தைக் கூச்சலுக்கு நடுவில் ஊசி விழும் சத்தத்தைக் கேட்பது மாதிரி.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மயிலம் ரோட்டில் போகும் பஸ்ஸில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பஸ் குலுங்கினால் இருவரும் ஒன்றாகவே குலுங்குவார்கள். ஒருவரின் அசைவிலிருந்து இன்னொருவரின் அசைவைக் கழித்தால் குலுக்கல் காணாமல் போகும். இருவருக்கும் இடையே உள்ள ஈர்ப்பு வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஈர்ப்புச் சரிவுமானி செய்வது இதைத்தான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக உருவான இந்த நுட்பத்தை, பிஎச்பி நிறுவனம் லாக்ஹீட் மார்ட்டினோடு சேர்ந்து தாதுத் தேடலுக்கு மாற்றியது. ‘ஃபால்கன்’ என்ற அந்தக் கருவி 1999-ல் பறக்கத் தொடங்கியது.

இந்தியாவில் 2017-ல் தொடங்கிய தேசிய வான்வழிப் புவி இயற்பியல் திட்டம் காந்தப்புலத்தையும் இயற்கைக் கதிரியக்கத்தையும்தான் பதிவு செய்கிறது. ஈர்ப்பைப் பெரும்பாலும் தரையில், புள்ளி புள்ளியாகத்தான் அளக்கிறார்கள்.

கனமெல்லாம் தாது இல்லை

இரும்புத் தாதுவும் கனம்தான், சில கருங்கற்களும் கனம்தான். மெல்லிய தாது ஓட்டம் என்றால் கருவிக்குத் தெரியாமலே போகலாம். ஈர்ப்பு அளவீடு “இங்கே தோண்டு” என்று சொல்லாது. “இங்கே தேட வேண்டாம்” என்று பல இடங்களைக் கழித்துக்கொடுக்கும். அதுதான் இதன் பெரிய லாபம். நூறு துளை போட வேண்டிய இடத்தில் சிலவற்றோடு முடிந்தால், அத்தனை விவசாயிகளின் நிலமும் கிணறும் தப்பிக்கும். பறந்து போகும் விமானம் ஒரு வரப்பைக்கூட மிதிப்பதில்லை.

அப்புறம் ஏன் பயம்?

பாகூர் பக்கம் ‘சர்வே’ என்ற வார்த்தையைக் கேட்டால் விவசாயிகள் முகம் மாறுவதில் ஆச்சரியம் இல்லை. நெல் விளையும் அந்த மண்ணுக்கு அடியில் 40 கோடி டன்னுக்கு மேல் பழுப்பு நிலக்கரி இருப்பதாக அரசுக் கணக்கே சொல்கிறது. நெய்வேலியும் தூரத்தில் இல்லை.

மேலூர் பக்கம் நடந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. ஏலம் எடுத்தது யார் என்று தெரிந்த பிறகுதான் பெரிய போராட்டம் வெடித்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. முதலிலேயே ஊரைக் கூட்டிப் பேசியிருந்தால் அரசுக்கும் ஊருக்கும் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

சட்டமும் இந்த இடத்தில் நழுவுகிறது. முன்பு ‘முன்னாய்வு’ என்றால் பார்ப்பது மட்டும்தான். பள்ளம் வெட்டவோ, துளை போடவோ சட்டம் பொதுவாக அனுமதிக்கவில்லை. 2023 திருத்தம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. செம்பு, ஈயம், துத்தநாகம் உட்பட 29 கனிமங்களுக்குத் தனியாரும் ஏலத்தில் எடுக்கக்கூடிய ஆய்வு உரிமத்தையும் கொண்டுவந்தது.

வானத்திலிருந்து பார்ப்பதற்கும் மண்ணைத் துளைப்பதற்கும் நடுவில் இருந்த கோடு இப்போது சட்டத்தில் இல்லை. நடைமுறையிலாவது அதைத் திரும்பப் போட வேண்டும். விமானம் தாராளமாகப் பறக்கட்டும். ஆனால் முதல் துளைக்கு முன்னால், அது வரைந்த படம் தமிழில், அந்த ஊர் மக்கள் கூடும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். எங்கே கனம் தெரிந்தது, எங்கே துளை விழப்போகிறது, தண்ணீர் கெட்டால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே பதில் இருக்க வேண்டும். காலடியில் என்ன இருக்கிறது என்பது ஏலம் எடுப்பவருக்கு முன்னால் அந்த நிலத்தில் நிற்பவருக்குத் தெரிவதுதான் நியாயம்.