ஆயிரம் கணிப்பொறிகள் போதுமா?

ஓரிக்கையில் கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பார்த்திருப்பீர்கள். நெசவாளர் ஒருவர், துணையாள் ஒருவர், நாடாக்கள் மூன்று. முறை தவறி ஒரு நாடா ஓடிவிட்டால் இழையைப் பிரித்து மீண்டும் நெய்யலாம். ஆனால், இரயில் வரும்போது தானாக மூடும் கேட் சில விநாடிகள் தாமதித்தால்? அதைப் பிரித்து நெய்ய முடியாது.

இத்தகைய அமைப்புகளில் செயல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்திலும் நிகழவேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தாரான் நகரில், பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று 100 மணி நேரமாக ஓய்வின்றி இயங்கிக் கொண்டிருந்தது. அதன் நேரக் கணக்கில் சேர்ந்திருந்த பிழை சுமார் 0.34 விநாடிதான். வந்த ஏவுகணையை அது தடுக்கவில்லை. 28 வீரர்கள் மாண்டனர். சில மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் 'சரி' என்று சொல்லிவிட முடியுமா?

ஆகவேதான், ஓர் அமைப்பு அடையக்கூடிய நிலைகளை எல்லாம் ஒன்று விடாமல் கணிப்பொறியால் ஆராயும் 'மாதிரிச் சரிபார்ப்பு' முறை தோன்றியது. இதில் ஓர் இடர் உண்டு. ஓர் உறுப்புக்கு 4 நிலைகள் என்று கொள்வோம். 10 உறுப்புகள் சேர்ந்தால் 10,48,576 நிலைகள். 20 சேர்ந்தால் ஒரு லட்சம் கோடிக்கும் மேல்!

வேலையை 1,000 கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளித்தால் என்ன? அப்படியும் செய்கிறார்கள். ஆனால், நான்கை ஐந்து முறை பெருக்கினாலே 1,024 ஆகிவிடுகிறது. அதாவது, ஆயிரம் பொறிகளும் சேர்ந்து கூடுதலாகத் தாங்குவது ஏறக்குறைய ஐந்து உறுப்புகளை மட்டுமே! மேலும், ஒரு பொறி சிறிய கால இடைவெளியை ஆராய்ந்து முடித்தபின், அதை உள்ளடக்கிய பெரிய இடைவெளி மற்றொரு பொறியிலிருந்து வந்து சேர்ந்தால், முன்பு செய்த வேலை வீணே.

உண்மையான முன்னேற்றம் சிந்தனையால் வந்தது. இரு விநாடிகளுக்கு இடையே எண்ணற்ற கணங்கள் உள்ளன அல்லவா? கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ராஜீவ் ஆலூரும், டேவிட் டில் என்பவரும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டனர். ஒரே விளைவைத் தரும் கணங்களை ஒரே தொகுதியாக்கினால், எண்ணற்றவை எண்ணக்கூடியவை ஆகின்றன. அவர்கள் எடுத்துக்காட்டிய அமைப்புகளுள் இரயில்வே கேட்டும் ஒன்று. நம் மாநிலத்திலேயே, சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

மாணவர்களே! நிரல் எழுதப் பழகும்போது, "ஓடுகிறதா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "எந்த நிலையிலும், எந்த நேரத்திலும் தவறாதா?" என்றும் கேளுங்கள். பொறிகளைப் பெருக்குவது எளிது. அக்கேள்விக்கு விடை தருவது அறிவே.