பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

துபாயிலிருந்து என் தமக்கை மகன் போன மாதம் டெலிபோனில் கூப்பிட்டான். பதினான்கு வருஷமாக அங்கே உத்தியோகம் பார்க்கிறவன். சௌகரியமாகத்தான் இருக்கிறான். ஒரே பையன். பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறான்.

"ஏனுங்க மாமா, பையனை என்ன பண்றதுன்னு ஒரே கொழப்பமா இருக்குதுங்க. இங்கயே இந்தியன் ஸ்கூல்ல தொடரட்டுங்களா, இல்ல பிரிட்டிஷ் பாடத்திட்டம் சொல்லிக் குடுக்கற இன்டர்நேஷனல் ஸ்கூல்ல போடட்டுங்களா? இவ என்னடான்னா, நாமக்கல்லுக்குக் கொண்டாந்து ஹாஸ்டல்ல உட்டறலாங்கறா. ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டா டாக்டர் சீட்டு வாங்கிப்போடலாம்கறா. நீங்க என்னங்க சொல்றீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் மாப்பிள்ளை என்றேன். யோசித்ததை அவனிடம் மட்டும் சொல்லாமல் ஊரறியச் சொல்லிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கேள்வி அவன் ஒருவனுடையது அல்ல. சிங்கப்பூரிலும் ஷார்ஜாவிலும் இருக்கிற சேலம், நாமக்கல் சீமைக்காரர்கள் எல்லோரையும் ஒரு நாள் பிடித்துக்கொள்கிற கேள்வி. கடல் தாண்டாதவர்களுக்கும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் வடநாடெங்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக் கொண்டு, வருஷத்தில் பாதிக்கு மேல் வெளியூரிலேயே காலம் தள்ளுகிறார். லாரிக்காரர் கதையும் அதேதான். வீடு ஓரிடம், பிழைப்பு ஓரிடம் என்று ஆனவர்களுக்கெல்லாம் பிள்ளை எந்த இடத்தில் என்பது பெரிய வழக்கு.

அந்த வழக்கில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாயும் தகப்பனும் எந்த ஊரில் அடுப்பு மூட்டுகிறார்களோ, அந்த ஊர்ப் பள்ளியில்தான் பிள்ளை படிக்க வேண்டும். காலையில் போய் மாலையில் வீட்டுக்குத் திரும்ப முடிகிற பள்ளி எதுவோ, அதுவே நல்ல பள்ளி. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அப்புறம்தான்.

இதைச் சொன்னவுடனே, "உமக்கென்ன தெரியும்? நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகள் எத்தனை டாக்டர்களை உண்டாக்கியிருக்கின்றன!" என்று அடிக்க வருவார்கள். உண்மைதான். நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவக் கல்லூரி இடம் கொடுத்த காலத்தில் ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். தூத்துக்குடிக்காரர் மகளும் திருவண்ணாமலைக்காரர் மகனும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். எழுத்தறியாத குடியானவர் வீட்டில் முதல் டாக்டர் உண்டானதும் இப்படித்தான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷமும் சொல்லிக் கொடுத்தார்கள். விடியற்காலை எழுப்பி இரவு வரை படி, எழுது, பரீட்சை. மறுநாளும் படி, எழுது, பரீட்சை. இது ரகசியமும் அல்ல. அரசாங்கமே இதைக் கண்டுதான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது. அதே 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போட்டு அறிவிப்பதையும் நிறுத்தியது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத் தேர்வை எடுத்துவிட்டது. பரீட்சையை வைத்தாலும் எடுத்தாலும் பிள்ளை மட்டும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். 2017-ல் தமிழ்நாட்டுக்கும் நீட் வந்த பிறகு பாடம் மாறியது. விடியற்காலை மணி மாறவில்லை.

இந்தப் பள்ளிகளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் பிராய்லர் பள்ளி. பெயர் பொருத்தம்தான் என்றாலும் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். பிராய்லர் என்கிற கறிக்கோழிக்குப் பல்லடம் பக்கம் போக வேண்டும். நாமக்கல் பேர் வாங்கியது முட்டைக் கோழியால். கம்பிக் கூண்டில் நின்றபடியே தீவனம் தின்று, நின்றபடியே முட்டையிடும். முட்டை உருண்டு வெளியே வந்துவிடும். கோழி உள்ளேயே இருக்கும். முட்டை குறைந்த பிறகு அந்தக் கோழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் உருண்டு வெளியே வந்து பேனரில் ஏறியதைப் பார்த்திருக்கிறோம். மதிப்பெண் வராத பிள்ளை என்ன ஆனான் என்று எந்தப் பேனராவது சொன்னதுண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியொரு பள்ளி வாசலில் நான் நின்றிருக்கிறேன். பெற்றோர் பார்க்க வரும் நாள். வேப்பமர நிழலில் துண்டை விரித்து, தூக்குப் போசியைத் திறந்து, மீசை அரும்பிய பையனுக்கு ஒரு தாய் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயை மெல்ல அசைத்துக்கொண்டே மணியைப் பார்த்துக் கொண்டிருந்தான். அவள் ஏதேதோ கேட்டாள். அவன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கடைசியில், "அடுத்த வாரம் வர வேண்டாங்கம்மா, டெஸ்ட் இருக்குது" என்றான். அந்தத் தாய் ஓமலூர்ப் பக்கத்துக்காரி, பஸ்ஸில் வந்தவள். துபாய்க்காரன் மகனுக்கு அந்தச் சோறும் கிடையாது.

ஓமலூர்த் தாய்க்காவது ஒரு நியாயம் இருந்தது. அவள் ஊரில் பௌதிகம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதிருக்கலாம். துபாயில் இருக்கிறவனுக்கு என்ன குறை? இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே பல இருக்கின்றன. நீட் பரீட்சைக்குத் துபாயிலேயே மையம் வைத்து 2021-ல் எழுத வைத்தார்கள். அப்படியிருந்தும் பிள்ளையை விமானமேற்றித் திருப்பி அனுப்பத் தோன்றுகிறதென்றால், அதற்குப் பெயர் கல்வி ஆசை அல்ல. பிள்ளை வளர்க்கிற வேலையைக் கூலிக்கு விடுவது.

சரி, அங்கேயே இன்டர்நேஷனல் பள்ளி என்றால்? அந்தச் சொல்லுக்கு ஒரு பிறப்பு உண்டு. 1924-ல் ஜினீவாவில் சர்வதேச சங்கத்துக்கும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்துக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வைத்தார்கள். இன்று ஒரு தேசம், நாளை வேறு தேசம் என்று மாற்றலாகிற தகப்பனுக்கு அது அவசியம். நம் கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்கப் பாதிரிமார் தம் பிள்ளைகளுக்கென்று வைத்த பள்ளிதான் இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. அவர்கள் சமவெளியில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். தம் பிள்ளைகளை மலைமேல் வைத்தார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் தன் பிள்ளைமேல் ஒட்டாமல் பார்த்துக் கொள்வதற்கும் இந்த ஏற்பாடு உதவும் என்பதை அப்போதே காட்டிவிட்டார்கள்.

இன்றைக்குச் சேலத்திலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலையில் போனால் இன்டர்நேஷனல் என்ற பலகைகளைப் பார்க்கலாம். உள்ளே போய் விசாரித்தால் பாடத்திட்டம் டில்லியுடையது, வாத்தியார் சேந்தமங்கலத்துக்காரர், பிள்ளைகள் புதுச்சத்திரத்துக்காரர்கள். சர்வதேசம் என்பது பலகையிலும் கட்டணத்திலும் மட்டும்தான். விற்கிற சரக்கு ஒன்றே: "உன் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டியதில்லை."

முற்காலத்தில் இந்தச் சீமையிலிருந்து வெளிநாடு போனவர்கள் வேறு விதமாக இருந்தார்கள். சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணி பின்னால் கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன கூலிகளைச் சொல்கிறேன். திருப்பி அனுப்ப அவர்களிடம் காசில்லை என்பது உண்மை. ஆனாலும் பிள்ளை அவர்களோடு லயத்தில் இருந்தது. லயத்துக்குப் பக்கத்தில் பள்ளி வந்தது. 1923-ன் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கும் கடமையை முதலாளி தலையில் சுமத்தியது. கொட்டகைப் பள்ளிகள்தான், கங்காணியோ கிராணியோ பாடம் நடத்திய பள்ளிகளும் உண்டு. கூலியின் பிள்ளை கூலியாகவே இருந்தால் போதும் என்று முதலாளி நினைத்ததும் உண்டு. ஆயினும் அந்தக் கொட்டகைகளின் வழியாகத்தான் மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நிற்கின்றன. காசில்லாதவன் பள்ளியைத் தன்னிடம் வரவழைத்தான். காசுள்ள பேரன் பிள்ளையைப் பள்ளியிடம் பார்சல் செய்கிறான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு என் யோசனை இன்னும் சுலபம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அரசாங்கப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம். வெளிநாட்டார் பிள்ளைக்குப் பரீட்சை வைத்துத்தான் இடம் தருகிறார்கள், கிடைப்பது எளிதல்ல. கிடைத்தால் விடக்கூடாது என்கிறேன். சீனப் பையனோடும் மலாய்ப் பையனோடும் உட்கார்ந்து தமிழும் படிப்பவன், பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கிற நம்மூர்ப் பையனைவிட எந்த விதத்தில் தமிழில் குறைந்தவன்?

துபாய் விஷயம் வேறு. அரசாங்கப் பள்ளியில் பயிற்று மொழி அரபு. ஆகவே அங்கே தனியார் பள்ளிதான் கதி. அதை நான் மறுக்கவில்லை. இந்தியப் பள்ளியோ பிரிட்டிஷ் பள்ளியோ, கையைக் கடிக்காத கட்டணத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் படிக்கட்டும். எந்தப் பள்ளியும் பிள்ளையை ஆர்டர் கொடுத்தபடி செய்து தருவதில்லை.

சந்தேகமிருந்தால் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலத்தைப் பாருங்கள். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் தம் பிள்ளைகளை இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளிக்கே அனுப்பினார். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி. அங்கே படித்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966-ல் இந்தியத் தரைப்படைத் தளபதியானார். அங்கே படித்த தம்பி மோகன் குமாரமங்கலம் ஊர் திரும்பியபோது கம்யூனிஸ்ட். ஒரே வீடு, ஒரே பள்ளி. ஈட்டனாலேயே உத்தரவாதம் தர முடியாததை நெடுஞ்சாலைப் பலகை தருமா?

இதையெல்லாம் மறுபடி டெலிபோனில் மாப்பிள்ளையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க மாமா. ஆனா சீட்டுக் கெடைக்கலைன்னா நாளைக்கு அவனே எங்களைக் கேப்பானே?" என்றான். கேட்கலாம். கேட்பதற்கு எதிரே நீங்கள் இருப்பீர்கள் என்றேன்.

பக்கத்திலிருந்த பையன் போனை வாங்கிக்கொண்டான்.

"தாத்தா, அந்த ஹாஸ்டல்ல போன் பேச விடுவாங்களா?"

"வாரத்துக்கு ஒரு தடவை விடுவாங்க கண்ணு."

"எவ்வளவு நேரம்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. போனை அப்பா கையில் கொடுத்துவிட்டான்.