வெறும் வலையைக் குறித்து ஒரு வார்த்தை



லெந்து காலத்து விடியற்காலையில் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் சென்றால், கொசஸ்தலை ஆற்றில் மார்பளவு நீரில் நிற்பவர்களைக் காணலாம். படகு வாங்க வசதியற்றவர்கள். சேற்றைக் கையால் தடவி, அகப்படும் இறாலைப் பனையோலைப் பறியில் சேர்க்கிறார்கள். இருளர் குலப் பெண்களும் அவர்களில் உண்டு. சற்றுத் தள்ளிச் சிலர் வீச்சுவலை எறிகிறார்கள்.

லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் இரவெல்லாம் பாடுபட்டு வெறும் வலையோடு கரையேறினான். அந்தப் பகுதியைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். விசுவாசத்தோடு மீண்டும் வலையைப் போடுங்கள் என்று மீனவக் குடும்பங்களுக்கு ஆறுதலும் சொல்லியிருக்கிறேன். அந்த ஆறுதல் போதாது என்று இப்போது உணர்கிறேன். கெனேசரேத்து ஏரியில் மீன் இருந்தது. அன்றிரவு அது அகப்படவில்லை, அவ்வளவே. நம் ஆற்றிலோ மீனின் வாழ்விடமே குறைந்துகொண்டு வருகிறது. அந்தக் குறைவை மீனவனின் விசுவாசக் குறைவாக்குவது அநியாயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே இந்த ஆற்றில் கலந்ததை நாம் மறக்கவில்லை. படகுகளும் வலைகளும் கறுத்தன. கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் படிந்தது. மீனவர்களே வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றைத் தூர்த்து வந்தது.

ஆலைகளில் உழைப்போரும் நம் ஆலயத்தில் அதே பாயில்தான் அமர்கிறார்கள். அவர்கள் உண்பதும் நேர்மையான உழைப்பின் அப்பமே. ஆலைகள் கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்கும். மீன் இனம் பெருகட்டும் என்று அத்தொழிலாளிகள் தங்கள் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். அதுவும் ஓர் உபவாசமே. கடலுக்காக ஏழையை உபவாசிக்கச் சொல்லும் நாம், ஆற்றில் கழிவு விடுகிறவர்களிடம் சிறிதளவு அடக்கத்தையாவது கேட்க வேண்டாமா?

எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தில் ஆலயத்திலிருந்து ஓர் ஆறு புறப்படுகிறது. அது பாயும் இடமெல்லாம் உயிர் பிழைக்கிறது. அதன் கரையில் தீர்க்கதரிசி காண்பது மீனவர்களையும் அவர்கள் விரிக்கும் வலைகளையும்தான். ஆற்றின் ஆரோக்கியத்துக்கு வேதம் தரும் அடையாளம் அது.

ஆகவே, வெள்ளத்துக்குப்பின் அரிசிப் பை கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. புதிய ஆலைகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குச் சபையாகச் செல்வோம். ஆலைக்குள் பணிபுரியும் சகோதரர்கள் கசிவைக் கண்டால் மறைக்காதிருக்கட்டும். உண்மை சொன்னதற்காக அவர்களுக்கு இடர் வந்தால் சபை அவர்களோடு நிற்கட்டும். தோட்டத்தைப் பண்படுத்த மாத்திரமல்ல, காக்கவும் வைக்கப்பட்டவன் ஆதாம்.

இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் கொசஸ்தலையைப் பெயர் சொல்லி நினையுங்கள். நாளை விடியலில் அந்த நீரில் இறங்கப்போகிறவர்களையும் நினையுங்கள். கர்த்தர் அவர்கள் பறிகளை நிரப்புவாராக. நம் மௌனத்தை மன்னிப்பாராக. ஆமென்.