பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது போதும்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடந்து போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் இருந்தால், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில், ராத்திரி படுக்கும்போது பல்லுக்கு நைட் கார்டு போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். உடனே ஒரு சார், "பல்லுக்கு ஹெல்மெட்டா டீச்சர்? பென்ஷன் மிச்சமாகுது போல" என்றார். பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இன்னொரு டீச்சர், "வயித்துல பூச்சி இருக்கும், ஒரு மாத்திரை போடுங்க, சரியாயிடும்" என்றார். மூன்றாவதாக ஒருவர், "கவலையை விடுங்க, பல்லு தானா நிக்கும்" என்று உபதேசம் செய்தார்.

மூன்று பேரும் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்கள். நானும் அப்படித்தான். அதனால்தான் கோபம் வருகிறது. மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பூச்சி. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தோமே, மறந்துவிட்டதா? மென்று விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பதிவேட்டில் எழுதினோம். நல்ல திட்டம், குறையே சொல்ல மாட்டேன். குடற்புழு இருந்தால் ரத்தசோகை வரும், பிள்ளை தேறாது, அதற்குத்தான் அந்த மாத்திரை. பல் கடிப்பதற்கு என்று அதைக் கொடுக்கச் சொல்லி எந்தப் பயிற்சியிலும் நமக்குச் சொல்லவில்லை. அது பாட்டி சொன்னது. பாட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாட்டி காலத்தில் தூக்கத்தில் மூளையும் தாடைத் தசையும் என்ன செய்கின்றன என்று பார்க்கக் கருவி கிடையாது.

இந்த இடத்தில் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான்காம் வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஒருநாள் வாசலில் நின்று, "ராவெல்லாம் பல்லைக் கடிக்கிறான் டீச்சர், பயமா இருக்கு" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பூச்சி மாத்திரை வாங்கிக் குடும்மா" என்று அனுப்பினேன். அந்தப் பையன் வகுப்பில் வாயைத் திறந்துகொண்டே தூங்கி விழுவான். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துப் பெஞ்சு மேல் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து பெரியாஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டர் பார்த்து, டான்சிலும் அடினாய்டும் வீங்கி மூச்சை அடைக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். "இப்ப குறட்டையும் இல்ல, பல்லும் கடிக்கல டீச்சர்" என்று அந்த அம்மா வந்து சொன்னார். என்னைக் குறை சொல்லவில்லை. பிஸ்கட் பாக்கெட் ஒன்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பல் கடிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இப்படி இருக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். தாடை வளர்கிற வயதில் பொதுவாக நைட் கார்டும் போட மாட்டார்கள். ஆனால் பல் கடிப்பதோடு குறட்டை, வாயால் மூச்சு விடுவது, பகலில் தூங்கி விழுவது எல்லாம் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், அந்த நிம்மதிதான் ஆபத்து.

இரண்டாவது, கவலையை விடச் சொல்வது. இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மன அழுத்தம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. தூக்கம் லேசாகக் கலைந்து மறுபடி ஆழ்கிற நேரங்களில்தான் தாடை இறுகுகிறது. மது, சிகரெட், அதிகப்படியான காபி, மன அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, குடும்ப வாகு என்று இன்னும் பல உண்டு. (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.)

சரி, கவலைதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். விடு என்றால் விட்டுப் போய்விடுமா அது? நாளைக்கு மழை நிற்கும் என்பதற்காக இன்றைக்குக் குடை வேண்டாம் என்பீர்களா? அதோடு இன்னொன்று. "பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று நம் வீட்டுப் பெண்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்? மாமியார் வீட்டில் சொன்னோம். வேலை பார்க்கும் இடத்தில் சொன்னோம். பகலில் பல்லைக் கடிக்கச் சொன்னதும் நாமே, ராத்திரி கடித்தால் கவலையை விடு என்பதும் நாமேதானா?

மூன்றாவது, பென்ஷன் மிச்சமாகிறது என்றாரே அந்த சார், அவருக்காக என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வலது கீழ்க் கடைவாய்ப் பல் கூசியது. கிராம்பு வைத்தேன். பிறகு அடைத்தார்கள். அடைத்தது ஆறு மாதத்தில் பெயர்ந்தது. ரூட் கேனல் செய்து கேப் போட்டார்கள். அந்த கேப் விரிசல் விட்டது. அடுத்த வருடம் பக்கத்துப் பல் வேர்வரை நெடுக்காகப் பிளந்தது. பிடுங்கியாயிற்று. மூன்று வருடத்தில் 21,000 ரூபாய் போனது, ஒரு பல்லும் போனது. நைட் கார்டுக்கு நான் கொடுத்தது 4,000 ரூபாய். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

இத்தனை தடவை போனேனே, "ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?" என்று ஒருவர் கேட்கவில்லை. பல் டாக்டர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். உடைந்த பல்லைப் பார்க்கிறீர்கள், அது ஏன் உடைந்தது என்று கேட்க மாட்டேன் என்கிறீர்கள். என் வீட்டிலும் இதே கதைதான். எலி கொட்டாங்கச்சியைக் கொறிக்கிற மாதிரி சத்தம் கேட்கிறது என்று என் வீட்டுக்காரர் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டார். சொன்னால் சங்கடப்படுவேன் என்று நான்கு வருடம் வாயே திறக்கவில்லை. அவருடைய மரியாதைக்கு விலை என்னுடைய ஒரு கடைவாய்ப் பல்!

கடைசியாக என் மகள் வயதுள்ள ஒரு பெண் டாக்டர்தான் கேட்டார். "காலையில எழுந்ததும் தாடை வலிக்குதாம்மா? நெற்றிப்பொட்டுல தலைவலி வருதா? பக்கத்துல படுக்கிறவங்க எதாவது சொல்லுவாங்களா?" கண்ணாடியைக் கையில் கொடுத்து என் பற்களைக் காட்டினார். மேடு பள்ளமாக இருக்க வேண்டிய கடைவாய்ப் பற்கள் அம்மிக்கல் மாதிரித் தேய்ந்து தட்டையாக இருந்தன. நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் பல்லின் எனாமல். ஆனால் அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

நைட் கார்டு இதற்கு மருந்தா என்றால், இல்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். நான் இன்றைக்கும் கடிக்கிறேன். என்ன வித்தியாசம் என்றால், பல் தேய்வதற்குப் பதில் கார்டு தேய்கிறது. தேய்ந்தால் வேறு செய்துகொள்ளலாம். பல்லை அப்படிச் செய்துகொள்ள முடியுமா?

ஆன்லைனில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, வெந்நீரில் போட்டுக் கடித்தால் போதுமே என்கிறார்கள். அவசரத்துக்குச் சில நாள் சரி. வருடக்கணக்கில் அதை நம்பக் கூடாது. பல்லில் சரியாக உட்காராது. மெத்தென்று இருப்பதைச் சிலர் இன்னும் அதிகமாக மெல்லுவார்கள். சில பற்களை மட்டும் மூடுகிற கார்டைத் தொடர்ந்து போட்டால் கடிக்கிற அமைப்பே மாறிப்போகலாம். டாக்டர் அச்செடுத்து, அதை வைத்து லேபில் செய்து, நம் வாயில் பொருத்தி, கடிக்கச் சொல்லி, வண்ணத் தாளால் எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் தேய்த்துச் சரிசெய்து கொடுப்பதுதான் முறை. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்குக் கார்டு அந்தத் தொல்லையைக் கூட்டக்கூடும்.

முதல் வாரம் எச்சில் ஊறும், வாயில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். காலையில் பச்சைத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவிக் காற்றுப் போகிற டப்பாவில் வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் வளைந்துவிடும். பகலில் ஒன்றை நினைவில் வையுங்கள்: உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் தொடக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர வேண்டிய வேலையே இல்லை.

இன்றைக்கு ராத்திரியே பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள், "நான் பல்லைக் கடிக்கிறேனா?" என்று. தனியாக இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் தாடையைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த தடவை பல் டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். சொல்லை வைத்தே முப்பது வருடம் சோறு தின்றவர்கள் நாம். அந்த பதினேழு பேரில் யார் யார் காலையில் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சிரித்ததற்கு மன்னித்துவிட்டேன், முதலில் போய்ப் பல்லைக் காட்டுங்கள்.

பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். அனுமதி கேட்க வேண்டாம்.